மிசூரி எல்லைக்குள்

டன்மோர், மொன்டானா
பிப்ரவரி 21, 1999

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். வேறு வழியில்லை. உன் மாக்சினை அடக்கம் செய்துவிட்டு நான் ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. நான்கு கடிதம் போட்டேன். உன்னிடமிருந்து வந்தது ஒரு கிறிஸ்துமஸ் அட்டை. அதிலும் உன் பெயர் மட்டும்தான்.

தொலைபேசியில் பேசிக்கொள்ளக் கூடாதா என்று பக்கத்து வீட்டு லொரேன் கேட்கிறாள். என் வலது காது போய் நான்கு வருடம். இடது காதும் கிளம்பத் தயாராக நிற்கிறது. போன வாரம் ஒரு பெண் கூப்பிட்டாள். நம் ஒன்றுவிட்ட தங்கை என்று நினைத்து முழங்கால் வலி முழுவதையும் சொல்லி முடித்தேன். கடைசியில் பார்த்தால் அவள் ஜன்னல் கண்ணாடி விற்கிறவள். ஆகவே நீ எழுதத்தான் வேண்டும்.

சாப்பிடுகிறாயா? நான் உறைபெட்டியில் வைத்துவிட்டு வந்த இறைச்சிக் குழம்பு தீர்ந்ததா? ட்ரிக்சி எப்படி இருக்கிறது? நான் புறப்பட்ட அன்று மாக்சினின் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக் கிடந்தது. அந்த நாய்க்குப் பதின்மூன்று வயது. அதையும் பார்த்துக்கொள். கல்லறைக் கல்லுக்குச் சொல்லிவிட்டாயா? பெயரும் வருடமும் போதும், வேறு ஒரு வார்த்தையும் கூடாது என்று மாக்சின் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

இங்கே பனி ஜன்னல் வரை நிற்கிறது. நான் சௌக்கியம்.

உன் அக்கா,
ஆர்லீன்


பெல் லேண்டிங், மிசூரி
மார்ச் 30, 1999

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதங்கள் எல்லாம் வந்தன. எழுத உட்காருவேன். பிறகு எழுந்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே. உன் முழங்கால் தேவலையா?

நன்றாகச் சாப்பிடுகிறேன். மாவட்டச் சாலை வேலையில் என்னோடு இருந்த ஹார்லனை உனக்கு ஞாபகம் இருக்கும், காது மடல் ஒன்று இல்லாதவன். "எத்தனை நாளைக்குச் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்ப? எந்திரிடா, சட்டயப் போடு" என்று ஒரு நாள் வந்து இழுத்துக்கொண்டு போனான். ஆற்றங்கரையில் இப்போது சூதாட்டப் படகு ஒன்று இருக்கிறது. அங்கே காலைச் சாப்பாடு மலிவு. முட்டை, பன்றி இறைச்சி, வெள்ளைக் குழம்பு ஊற்றிய ரொட்டி, எல்லாம் வேண்டிய மட்டும்.

படகு என்று பெயர்தானே தவிர அது எங்கும் போவதில்லை. ஆற்றிலிருந்து ஒரு குளம் வெட்டி அதில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை "படகு புறப்படுகிறது" என்று ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். சட்டம் அப்படி. முக்கால் மணி நேரம் ஆனதும் ஏறுகிற கதவை மூடிவிடுவார்கள். இறங்க வேண்டுமானால் எப்போதும் இறங்கலாம். மறுபடி ஏற அடுத்த புறப்பாடு வரை நிற்க வேண்டும். ஹார்லன் ஒவ்வொரு தடவையும் கைக்குட்டையை ஆட்டிக் கரைக்கு விடை கொடுப்பான்.

நான் பெரிதாக ஆடுவதில்லை. சாப்பிடத்தான் போகிறேன். ட்ரிக்சி சௌக்கியம்.

தம்பி,
வெண்டல்


டன்மோர்
ஏப்ரல் 14, 1999

அன்புள்ள வெண்டல்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். லொரேனுக்கும் படித்துக் காட்டினேன். ஹார்லன் கைக்குட்டை ஆட்டுகிற இடத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். நீ வீட்டை விட்டு வெளியே போகிறாய் என்பதே எனக்குப் போதும். என் ராய் போன பிறகு எனக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேலை இருந்தது. காலையில் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டு ஏறினால் துக்கப்பட ஏது நேரம்? உனக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்றுதான் கவலையாக இருந்தது.

கல்லைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. கோடைக்குள் வைத்துவிடு. இப்போது கல்லறை மண் இறங்கியிருக்கும்.

இங்கே பனி உருகி எங்கு பார்த்தாலும் சேறு. மருத்துவர் முழங்காலுக்கு ஊசி போட்டார். அரை மைல் நடக்கிறேன். நீயும் ட்ரிக்சியோடு நட.

அன்புடன்,
ஆர்லீன்


பெல் லேண்டிங்
ஜூன் 17, 1999

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று உன் கடிதத்தில் உள்ள தேதியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நான் நலம். நீ நடப்பது நல்லது.

ஹார்லன் இப்போது வருவதில்லை. அவன் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். நான் தனியாகப் போகிறேன். ட்ரிக்சியும் வண்டியில் வரும். மரத்தடியில் நிறுத்தி ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் தூங்கிவிடும். வீட்டில் தனியாக விட்டால் குரைக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நான் உட்காருகிற சூதாட்ட மெஷினில் மூன்று செர்ரிப் பழம், ஒரு மணி, ஒரு ஏழு என்று படங்கள். பொத்தானை அழுத்தினால் சுற்றும், நிற்கும். மறுபடி அழுத்த வேண்டும். அவ்வளவுதான். எனக்கு இடது பக்கத்தில் ஓப்பல் என்று ஒரு அம்மாள் உட்காருவாள். எழுபது வயது இருக்கும். எல்லோரையும் வம்புக்கு இழுப்பாள். நேற்று என்னைப் பார்த்து, "என்னய்யா, ஜெயிச்சாலும் அதே மூஞ்சி, தோத்தாலும் அதே மூஞ்சி. உன் பொண்டாட்டி எப்படித்தான் உன்கூட இருக்காளோ!" என்றாள்.

"இல்ல. செத்துட்டா" என்றேன்.

அவள் தன் மெஷினை ஒரு தடவை அழுத்தினாள். பிறகு, "என் வீட்டுக்காரரும்தான். அந்தா, அந்த மூலையில இருக்கறவரு, அவரு சம்சாரமும்தான். அழுத்து, அழுத்து, நிறுத்தாத" என்றாள்.

கல்லுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

வெண்டல்


டன்மோர்
ஜூலை 1, 1999

வெண்டல்,

நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். வாரத்தில் எத்தனை நாள் அங்கே போகிறாய்? எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறாய்? ஓய்வூதியம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அது உன் பணம். நீ எங்கே இருக்கிறாய் என்றுதான் கேட்கிறேன். முன்பெல்லாம் நீ கடிதம் எழுதினால் வானிலை இருக்கும், தக்காளி இருக்கும், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று இருக்கும். இந்தக் கடிதத்தில் செர்ரிப் பழமும் ஏழும்தான் இருக்கின்றன. அவையும் படம்.

அங்கே வெயில் எப்படி? ட்ரிக்சியை வண்டியில் கொண்டு போகாதே. குரைத்தால் குரைக்கட்டும்.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பெல் லேண்டிங்
ஆகஸ்ட் 9, 1999

அக்கா,

ட்ரிக்சி இறந்துவிட்டது. வெயில் அதிகம். கொல்லையில் மாக்சினின் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தேன். நான் நலம்.

வெண்டல்


டன்மோர்
ஆகஸ்ட் 15, 1999

என் அருமைத் தம்பி,

உன் அட்டை நேற்று வந்தது. சமையலறையில் நின்றபடியே அழுதுவிட்டேன். நாய்க்காக அழுதேனா, மாக்சினுக்காகவா, உனக்காகவா என்று தெரியவில்லை. அவள் உன்னிடம் விட்டுப் போன கடைசி உயிர் அது.

உன்னையே நொந்துகொள்ளாதே. பதின்மூன்று வயது நாய்க்கு ஆகஸ்ட் மாத வெயில் தாங்காது. மின்விசிறிக்கு முன்னால் ஈரத்துணி போட்டு அதைப் படுக்க வைத்திருப்பாய். எனக்குத் தெரியும். சின்ன வயதில் சிறகொடிந்த காக்கை ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நீ. கடைசி நேரத்தில் நீ பக்கத்தில் இருந்தாய் என்பதே அதற்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜூலைக் கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

என்றும் உன்,
ஆர்லீன்


டன்மோர்
செப்டம்பர் 26, 1999

வெண்டல்,

உன் அட்டைக்குப் பிறகு இது நான்காவது கடிதம். உயிரோடு இருக்கிறாயா என்பதை மட்டும் எழுது. ஒரு சொல் போதும். இல்லையென்றால் அங்கே காவல் நிலையத்துக்கு எழுதி உன் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்வேன்.

ஆர்லீன்


பெல் லேண்டிங்
அக்டோபர் 10, 1999

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நலம் என்று எழுத மாட்டேன். அந்த வார்த்தையை உனக்கு நிறையத் தடவை எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 15 தேதியிட்ட உன் கடிதத்தை என்னால் வீட்டுக்குள் வைத்திருக்க முடியவில்லை. வண்டியில் முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நடந்ததை எழுதிவிடுகிறேன். நீ இதைப் படித்த பிறகு எனக்கு எழுதாமல் இருந்தாலும் சரிதான்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிப் புறப்பாட்டுக்குப் போனேன். ட்ரிக்சி வண்டியில் இருந்தது. மரத்தடியில் இடம் இல்லை. வெட்டவெளியில் நிறுத்தினேன். ஜன்னலை இரண்டு அங்குலம் இறக்கினேன். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நிஜம்.

பத்தே முக்காலுக்குக் கதவை மூடுவதாக அறிவித்தார்கள். நாயின் ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். வெளியே போய் அதைப் பார்த்துவிட்டு வந்தால் பன்னிரண்டு வரை உள்ளே விடமாட்டார்கள், என் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று யோசித்தேன். போகவில்லை. பன்னிரண்டு மணி அறிவிப்பும் கேட்டது. அப்போதும் போகவில்லை. அன்று வெயில் நூறு டிகிரியைத் தாண்டியது.

ஒரு மணி வாக்கில் காவலாள் ஒருவன் வந்து என் தோளைத் தொட்டான். "ஐயா, நீல பிக்கப் வண்டி உங்களோடதா?"

"ஆமா."

"கொஞ்சம் வெளிய வாங்க."

"ஒரு நிமிஷம்" என்றேன்.

அக்கா, அப்படிச் சொல்லிவிட்டு நான் பொத்தானை இன்னும் இரண்டு தடவை அழுத்தினேன். எதற்காகக் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஓப்பல் என் கையைப் பிடித்து மெஷினிலிருந்து எடுத்துவிட்டாள். "போய்யா. எந்திரிச்சுப் போ" என்றாள். அவள் சிரிக்காமல் பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

யாரோ வண்டிக் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். ட்ரிக்சியைத் தரையில் கிடத்தி ஒரு பெண் புட்டியிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாயிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து அவள், "நீ மனுஷன்தானா?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வேறு யாருடைய வண்டியையோ பார்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. நீதிமன்றத்தில் அபராதம் போட்டார்கள். கட்டினேன்.

இன்னும் ஒன்று. புதைத்துவிட்டுக் கை கழுவி, அடுத்த திங்கட்கிழமை நான் மறுபடியும் அங்கே போனேன். உனக்கு அட்டை எழுதியது அந்தத் திங்கட்கிழமைதான். படகின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். ஓப்பல் அதற்குப் பிறகு என் பக்கத்தில் உட்காருவதில்லை.

பணத்துக்காகப் போகிறேன் என்று நினைக்காதே. பெட்ரோல் கடையில் லாட்டரிச் சீட்டு விற்கிறார்கள், நான் தொட்டதில்லை. சீட்டை வாங்கினால் வெளியே வந்துவிட வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது மாக்சின் செத்துப்போனவளும் இல்லை, உயிரோடு இருக்கிறவளும் இல்லை. யாருமே இல்லை. நானும் இல்லை.

போன வாரம் மாநிலத் தலைநகர் ஜெஃபர்சன் சிட்டிக்குப் போனேன். இந்த மாநிலத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். நாமே போய்ப் பெயர் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் மிசூரியில் எந்தச் சூதாட்டப் படகிலும் காலெடுத்து வைக்க முடியாது. வைத்தால் கைது. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல பெண்மணி.

"இது ஆயுசுக்கும். நாளைக்கு மனசு மாறி வந்து நின்னா எங்களால பேர எடுக்க முடியாது. புரியுதா?" என்றாள்.

"புரியுது."

"யாராவது கட்டாயப்படுத்தி அனுப்பினாங்களா?"

"கட்டாயப்படுத்த யாரும் இல்ல."

கையெழுத்துப் போட்டேன். எல்லாப் படகுகளுக்கும் அனுப்புவதற்காகப் படம் எடுத்தார்கள். திரும்பும் வழியில் கல் செய்கிறவனிடம் போய்ப் பெயரையும் வருடத்தையும் எழுதிக் கொடுத்தேன். வேறு வார்த்தை ஒன்றும் இல்லை.

வெண்டல்


டன்மோர்
அக்டோபர் 31, 1999

வெண்டல்,

இங்கே நான் சௌக்கியம். முதல் பனி விழுந்துவிட்டது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். ஒன்பது நாள் எடுக்கவில்லை. லொரேனுக்குப் படித்துக் காட்டவில்லை. இனியும் காட்ட மாட்டேன். "பரவாயில்லை" என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. பரவாயில்லை என்று சொல்லக்கூடிய காரியம் அல்ல அது.

ஆனால் அதை எனக்கு எழுதியது நீ. அந்தக் கடைசி இரண்டு அழுத்தலை எழுதாமலே விட்டிருக்கலாம். எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. எழுதிவிட்டாய். ஆகவே நானும் ஒன்று எழுதுகிறேன்.

இங்கே வந்துவிடு. வீட்டை விற்றுவிடு, அல்லது பூட்டிவிட்டு வா. ராய் பட்டறையாக வைத்திருந்த அறையில் கட்டில் போட்டுவிட்டேன். கண் முன்னால் அந்தப் படகு நிற்கிற ஊரில் நீ இருக்க வேண்டாம். இந்த ஊரில் ஆறும் இல்லை, படகும் இல்லை. புல்லும் காற்றும்தான்.

எப்போது புறப்படுகிறாய் என்று எழுது.

ஆர்லீன்


பெல் லேண்டிங்
நவம்பர் 14, 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று முட்டை பொரித்துச் சாப்பிட்டேன், உப்புப் போட மறந்தது தெரிந்தது. பல மாதமாக அது கூடத் தெரிந்ததில்லை.

நான் அங்கே வர முடியாது.

ராய் அத்தானை அடக்கம் செய்ய நானும் மாக்சினும் வந்தோமே, அப்போது உன் ஊரில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் நான்கு மெஷின் இருந்தது. காபி குடித்த கடையில் ஆறு. உங்கள் மாநிலத்தில் அதற்குப் படகு தேவையில்லை. மதுக்கடையில் வைக்கலாம், சாப்பாட்டுக் கடையில் வைக்கலாம். அப்போது நான் அவற்றைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போனேன். மாக்சின் பக்கத்தில் இருந்தாள்.

நான் போட்ட கையெழுத்து மிசூரி எல்லைக்குள்தான் செல்லும். எல்லையைத் தாண்டினால் என் படம் யாரிடமும் இல்லை. அங்கே என்னை யாரும் பிடிக்க மாட்டார்கள். முதல் வாரமே போய் உட்கார்ந்துவிடுவேன். உன் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். நீ காது கேட்காமல் உள்ளே துணி மடித்துக்கொண்டிருப்பாய்.

இங்கே நான் கதவுக்குப் போனால் கைது. அதை நம்பித்தான் இருக்கிறேன். என் மனதை நம்பி அல்ல. தினம் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு படகுத் துறை வரை போய், வாசலுக்கு முன்னால் சங்கிலி போட்ட இடத்தில் நின்றுவிட்டுத் திரும்புகிறேன். இறங்குவதில்லை. இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது.

கல் வைத்தாகிவிட்டது. நேராக நிற்கிறது.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

வெண்டல்


டன்மோர்
டிசம்பர் 1, 1999

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

உன் கடிதம் வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நான்காம் ஆறாம் என்று என் ஊரைப் பற்றி இவன் எனக்குச் சொல்கிறானே என்று. முப்பத்தோரு வருடம் இந்தத் தெருக்களில் பேருந்து ஓட்டியவள் நான். கோட்டை மாட்டிக்கொண்டு எண்ணிப் பார்க்கப் புறப்பட்டேன்.

பெட்ரோல் கடையில் நான்கு இல்லை, ஐந்து. பந்து உருட்டும் விடுதியில் எட்டு. இரண்டு மதுக்கடைகளிலும் சேர்த்துப் பதினான்கு. கடைசியாக டாட் நடத்துகிற சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் நான் ஆப்பிள் பணியாரம் சாப்பிடுகிற மேஜைக்கு நேர் பின்னால், மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆறு. டாட் ஆர்டர் எடுக்கிற காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: "என்ன தேடற?"

"மெஷின் எத்தனைன்னு எண்றேன்" என்றேன். எனக்குத்தான் என் குரலின் அளவு தெரியாதே, கடையே திரும்பிப் பார்த்தது.

அவள் எழுதினாள்: "எதுக்கு? ஆடப் போறியா?"

"இங்க எப்பருந்து இருக்கு?"

டாட் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பத்து வருஷமா. உன் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு, ஆர்லீன்" என்று எழுதினாள்.

அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையாக என் பேருந்தில் ஏறியவள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டேன். திரும்பவே இல்லை. அவள் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே நீ வர வேண்டாம். நீ சொன்னது சரி.

நான் வருகிறேன். ரயில்வேயில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பதிக்கு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டேன். உன் ஊருக்குப் பக்கத்திலுள்ள கொலம்பியா நகருக்கு டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை பகல் இரண்டே காலுக்குப் பேருந்து வந்து சேரும். நீதான் வந்து அழைத்துப் போக வேண்டும். நிலையத்தில் கத்திக் கூப்பிடாதே, எனக்குக் கேட்காது. முன்னால் வந்து நில். காலையில் படகுத் துறைக்குப் போவாயானால் இனி நானும் வண்டியில் இருப்பேன். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சங்கிலி வரை போய்விட்டு, பிறகு எங்கேயாவது காபி குடிப்போம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் உன்னை மன்னித்துவிட்டு வரவில்லை. ஆனால் ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து, தபால்தலை ஒட்டிக் கோபப்பட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரே மேஜையில் உட்கார்ந்து கோபப்படுகிறேன்.

கம்பளி நிறைய வைத்துக்கொள், இத்தனை வருடம் பனியில் இருந்தும் எனக்குக் குளிர் தாங்காது.

உன் அக்கா,
ஆர்லீன்